எட்டு நாற்காலிகள் பிறந்த கதை

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த தீர்த்தமலையில் படியேறுகிறவர்களுக்கு வழித்துணை குரங்குகள்தான். தேங்காய் மூடி, வாழைப்பழம், கையில் தொங்கும் பை என்று எதுவும் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. இலங்கையிலிருந்து திரும்பிய இராமர் இங்கே சிவபூசை செய்ய முனைந்தார். கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமன் வரத் தாமதமானது. இராமர் அம்பெய்து பாறையிலிருந்தே நீரை வரவழைத்தார். பிந்தி வந்த அனுமன் மனம் வெதும்பி வீசியெறிந்த நீர் தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன் தீர்த்தமானது. இது தலபுராணம். குரங்கின் வருத்தத்துக்கும் ஒரு தீர்த்தம் ஒதுக்கிய ஊர் இது.

இந்தக் குரங்குகளின் வடநாட்டுப் பங்காளிகளான ரீசஸ் குரங்குகள், லட்சக்கணக்கில் கூண்டுக்குள் அடைபட்டு விமானம் ஏறிய காலம் ஒன்று இருந்தது. அவற்றில் சில நூறு குரங்குகளின் சாவும், மதுரையில் பிறந்த ஒரு நடனக் கலைஞரின் பிடிவாதமும், நீண்டதொரு உறக்கமும் சேர்ந்துதான் இந்தக் கதையை நடத்தின. ஆனால் கதையின் முதல் அத்தியாயத்தில் குரங்கும் இல்லை, நடனமும் இல்லை. அதில் இருந்தது ஒரு வெறிநாய்.

1902-இல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது அதற்கு மருந்து உண்டு. ஆனால் இந்தியாவில் அது கிடைத்த பாஸ்டர் நிலையம் இமயமலைச் சாரலில், கசௌலியில் இருந்தது. தெற்கே கடிபட்டவர் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதற்குள் காலம் முந்திக்கொள்ளும். அந்தச் சாவு எழுப்பிய வேதனையும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் இந்தியாவுக்கு அளித்திருந்த நன்கொடையும் நல்வேளையாக ஒன்று கூடின. 1907-இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1911-இல், கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் ஒரு புதிய தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். மலிவானது, செய்வதற்கு எளியது. அதன் மூலப்பொருள் ஆட்டின் மூளை.

ஆட்டின் மூளைக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்துவார்கள். நோய் முற்றியதும் ஆட்டைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் கொண்டு கிருமியைச் செயலிழக்க வைப்பார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் பெரியவர்கள் சொல்லி நடுங்குவது இந்த மருந்தைத்தான். அது எண்ணற்ற உயிர்களை மீட்டது. அந்த ஆடுகளை எப்படி வைத்திருந்தார்கள், நோய் முற்றும் நாட்களில் அவை என்ன பாடுபட்டன என்று கேட்கும் கடமை சட்டப்படி யாருக்கும் இருக்கவில்லை. 1890-இல் வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த விலங்குவதைச் சட்டம் தெருவைத்தான் பார்த்தது: அதிகச் சுமை ஏற்றும் வண்டிக்காரன், மாட்டை அடிக்கும் பாகன். ஆய்வுக்கூடத்தின் கதவு அதன் கண்ணில் படவேயில்லை. விந்தை என்னவென்றால், அதே வெள்ளையரின் சொந்த நாட்டில் அந்தக் கதவு எப்போதோ தட்டப்பட்டிருந்தது.

பிரிட்டனில் 1876-லேயே, உயிருள்ள விலங்கின் மீது சோதனை செய்ய உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. உலகிலேயே அப்படி ஒன்று அதுதான் முதல். ஆனாலும் 1903-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில், வில்லியம் பேலிஸ் என்ற பேராசிரியர் மாணவர்கள் முன்னால் ஒரு பழுப்பு நிற நாயை அறுத்துக் காட்டியபோது அதற்கு முறையான மயக்க மருந்து தரப்படவில்லை என்று இரண்டு ஸ்வீடன் நாட்டுப் பெண்கள் எழுதினார்கள். பேராசிரியர் அவதூறு வழக்குப் போட்டு வென்றார். தோற்றுப்போன தரப்போ அந்த நாய்க்கு லண்டனின் பேட்டர்சீ பகுதியில் சிலையே வைத்துவிட்டது. மருத்துவ மாணவர்கள் சிலையை உடைக்கத் திரண்டார்கள், தெருச்சண்டை மூண்டது, கடைசியில் 1910-இல் நகராட்சி இரவோடு இரவாகச் சிலையை அகற்றியது. ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பதை வெளியாள் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சிலை சாட்சி. அறிவியலாளர்கள் கதவை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். அதே கதவை இந்தியாவில் திறக்க வேண்டிய கை, அந்தக் காலத்தில் மதுரையில் தொட்டிலில் இருந்தது.

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29-இல் மதுரையில் பிறந்தார். பதினாறாவது வயதில் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். மேல்தட்டினர் முகம் சுளித்த சதிராட்டத்தைத் தானே கற்று மேடையேறினார். 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஊர் பேசியதற்கெல்லாம் அஞ்சியிருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட நடந்திருக்காது. 1952-இல் அவரை மாநிலங்களவை நியமன உறுப்பினராக்கினார்கள். கலைத்துறைக்காக வந்தவர் கலைக்கு நிதி கேட்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அடுத்த ஆண்டே அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா நடனத்தைப் பற்றியது அன்று. விலங்குகளின் வதையைத் தடுக்கும் மசோதா அது.

தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் பேசி முடித்த நாளிலேயே மடியும். இதுவும் அப்படி மடிந்திருக்கும். ஆனால் விவாதத்தின்போது பிரதமர் நேரு குறுக்கிட்டார். மசோதாவை ருக்மிணி தேவி திரும்பப் பெற்றுக்கொண்டால், அரசே குழு அமைத்து ஆராய்ந்து விரிவான சட்டம் கொண்டுவரும் என்றார். கையில் இருக்கும் மசோதாவா, பிரதமரின் வாக்கா? அரசியலில் இப்படிப்பட்ட வாக்குறுதிகளின் கதி தெரிந்தும் அவர் வாக்கை நம்பி மசோதாவைத் திரும்பப் பெற்றார். குழு அமைந்தது, வேலை தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் லண்டன் விமான நிலையத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது.

1950-களின் தொடக்கத்தில் போலியோ பல நாடுகளைப் பிடித்து ஆட்டியது. அமெரிக்காவில் ஜோனஸ் சால்க் உருவாக்கிக்கொண்டிருந்த தடுப்பூசிக்குக் கிருமியை வளர்க்கக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்கள் தேவைப்பட்டன. அதற்கு ஏற்றது ரீசஸ். அது மிகுந்திருந்தது வட இந்தியாவில். பிடிப்பவர்கள் பிடித்தார்கள், மூங்கில் கூண்டுகள் விமானம் ஏறின. ஏற்றுமதி ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிய காலமும் வந்தது. 1955 ஜனவரியில், இந்தியாவிலிருந்து நியூயார்க் போகும் வழியில் லண்டன் விமான நிலையத்தில் இறக்கி மூடிய ஊர்தியில் வைத்த குரங்குகளில் 394 மூச்சுத் திணறிச் செத்தன. ஊர்தியைத் திறந்தபோது பெரும்பாலும் பிணங்கள்தான் இருந்தன. செய்தி இந்தியா முழுக்கப் பரவியது. அனுமனை வணங்கும் நாடு கொதித்தது. மார்ச் மாதத்தில் இந்திய அரசு ரீசஸ் ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

ஏப்ரல் 12-இல் சால்க்கின் தடுப்பூசி வெற்றி என்று அமெரிக்கா அறிவித்தது. தேவாலய மணிகள் ஒலித்தன, பெற்றோர்கள் தெருவில் அழுதார்கள். தடுப்பூசி உண்டு, ஆனால் அதைச் செய்வதற்குக் குரங்கு இல்லை! இந்தியா எந்தப் பக்கம் சாய்வது? முடங்கிப்போகும் குழந்தைகள் ஒரு பக்கம், மூச்சுத் திணறிச் சாகும் குரங்குகள் இன்னொரு பக்கம். சில வாரங்களிலேயே இந்தியா தடையைத் தளர்த்தியது, ஆனால் சும்மா தளர்த்தவில்லை. இந்தக் குரங்குகள் மருத்துவ ஆய்வுக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமே பயன்படும், அணுகுண்டுச் சோதனைக்குப் போகாது என்று அமெரிக்கா எழுத்தில் உறுதி தரவேண்டும் என்றது. எதற்காக இந்த விலங்கு, வேறு எதற்கும் இல்லைதானே என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கும் வழக்கம் இங்கே தொடங்கியது. இந்தக் கதையின் வித்து அந்த ஒற்றைக் கேள்விதான் என்பது என் கருத்து. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பது தெரிய இன்னும் 22 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் 1959-இல் இங்கிலாந்தில் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இருவர் ஒரு நூலை வெளியிட்டார்கள். விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்றைக் கையாள வேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதன்பிறகும் வேண்டியிருந்தால் வலியைத் தணிக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். நூல் வெளிவந்தபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மறு ஆண்டே, 1960 டிசம்பர் 26-இல், நேரு தந்த வாக்கு சட்டமானது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 59-ஆம் சட்டம். அதன் நான்காம் அத்தியாயத்தைப் படிக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் ஆகியவற்றைக் கொண்டு கற்பிக்க முடிகிற இடத்தில் விலங்கைத் தொடக்கூடாது. கினிப்பன்றி, முயல், தவளை, எலி போன்ற சிறிய உயிர்களிடம் கிடைக்கும் பலனுக்காகப் பெரிய விலங்கை நாடக்கூடாது. கைப்பழக்கம் வருவதற்காக மட்டும் அறுக்கக்கூடாது. அறுவையின்போது மயக்க மருந்து வேண்டும். பிழைத்தெழுந்தால் கடும் வேதனைதான் மிச்சம் என்னும் நிலையில், மயக்கம் தெளியும் முன்பே அமைதியாக முடித்துவிட வேண்டும். இத்தனையும் 1960-இல் எழுதிவிட்டார்கள்.

அத்தியாயத்தின் முதல் பிரிவோ, மருத்துவ அறிவுக்காகவும் உயிர் காக்கவும் செய்யும் ஆய்வு குற்றமாகாது என்று வாசலிலேயே உறுதி சொல்லிவிட்டது. சமயப் பலிக்கும் அதே சட்டத்தில் விலக்குக் கிடைத்தது. அந்தச் சமரசங்கள் இல்லாவிட்டால் சட்டமே வந்திருக்காது. ஆய்வுகளை மேற்பார்வையிட மத்திய அரசு ஒரு குழு அமைக்கலாம் என்றது 15-ஆம் பிரிவு. அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அமைக்கலாம். குழுவின் உத்தரவை மீறினால் அபராதம், அதிகபட்சம் 200 ரூபாய். இந்த "லாம்" என்ற ஈறு எத்தனை ஆண்டுகளை விழுங்கப் போகிறது என்று அன்று யாரும் கணக்கிட்டிருக்க மாட்டார்கள்.

1962-இல் விலங்கு நல வாரியம் பிறந்தது. ருக்மிணி தேவி தலைவர், தலைமையகம் சென்னை. 1964-இல் மேற்பார்வைக் குழுவும் வந்தது, 1968-இல் அதற்கான விதிகளும் வந்தன. எல்லாம் கைகூடிவிட்டது போலத் தெரிந்தது. ஆனால் பல்கலைக்கழக விலங்ககங்களின் கதவைத் தட்ட யாரும் போகவில்லை. விதி தில்லியில் இருந்தது, எலி கூண்டில் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை. அந்த உறக்கத்தை ஒருமுறை கலைத்தது மீண்டும் குரங்குதான்.

ஷெர்லி மெக்கிரீல் என்ற ஆங்கிலேயப் பெண் 1971-இல் பாங்காக் விமான நிலையத்தில் பெட்டிகளில் அடைபட்ட குரங்குக் குட்டிகளைப் பார்த்தார். அந்த ஒரு காட்சி அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. குரங்கினப் பாதுகாப்புக்கென 1973-இல் ஓர் அமைப்பையே தொடங்கினார். அமெரிக்க ராணுவத்தின் கதிரியக்க ஆய்வு நிலையம் ஒன்றில் ரீசஸ் குரங்குகளைக் கதிர்வீச்சுக்கு உள்ளாக்கி, வதைத்து ஓட வைக்கிறார்கள் என்ற தகவல்களை அவர் திரட்டி இந்தியாவுக்குத் தெரிவித்தார். 1955-இல் எழுத்தில் தந்த வாக்கு என்ன ஆயிற்று? அப்போது பிரதமர் மொரார்ஜி தேசாய். 1977 டிசம்பரில் அவர் அரசு முடிவெடுத்தது: அடுத்த ஏப்ரல் முதல் ஒரு குரங்குகூட வெளியே போகாது. ஆண்டுக்கு 20,000 என்று இருந்த ஏற்றுமதி முழுதாக நின்றது. அமெரிக்க ஆய்வாளர்கள் பதறினார்கள், தடை அசையவில்லை. அதே மொரார்ஜி அந்த ஆண்டுதான் ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தார். அவர் மறுத்துவிட்டார்.

வெளியே போகும் குரங்குக்குக் காவல் கிடைத்தது. உள்ளூர்க் கூண்டில் இருந்த எலிக்கும் முயலுக்கும் நாய்க்கும்? 1981-இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் ஆய்வகத்தில் 17 குரங்குகள் அழுக்கிலும் ஆறாத புண்ணிலும் கிடந்ததை ஓர் இளைஞர் உள்ளே வேலைக்குச் சேர்ந்து படமெடுத்தார். ஆய்வாளர் எட்வர்ட் டாப் மீது வழக்கு வந்தது. பக்கவாதத்தில் செயலிழந்த கையை மீட்கும் சிகிச்சை பின்னாளில் அதே ஆய்விலிருந்துதான் வளர்ந்தது என்பது இந்த விஷயத்தின் சிக்கலை முழுதாகக் காட்டுகிறது. நன்மை மெய், வதையும் மெய். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து எடைபோட ஆய்வாளரால் தனியாக முடியாது. 1985-இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது: ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு குழு, அதில் வெளியாள் ஒருவர் கட்டாயம். அடுத்த ஆண்டு, 1986 பிப்ரவரி 24-இல், சென்னையில் ருக்மிணி தேவி காலமானார். அவர் சட்டத்தில் எழுதவைத்த குழு அப்போதும் உறங்கிக்கொண்டுதான் இருந்தது.

எழுப்பியவர் மேனகா காந்தி. 1998-இல் மத்திய இணையமைச்சரானதும் அவர் அந்தப் பழைய குழுவுக்குப் புத்துயிர் தந்து தானே தலைமை ஏற்றார். சட்டம் வந்து 38 ஆண்டுகள் கழித்து, அந்த டிசம்பரில் புதிய விதிகள் வெளியாயின. ஆய்வாளர்கள் கொதித்தார்கள். மருந்து ஆராய்ச்சி தாமதமாகிறது, அறிவியல் தெரியாதவர்கள் அறிவியலை நடத்தப் பார்க்கிறார்கள் என்றார்கள். குழுவினர் ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்து பார்த்த நிலைமை வேறு விதமாகப் பேசியது. இழுபறியில் 2001-லும் 2006-லும் விதிகள் திருத்தம் பெற்றன. ஆனால் ஒரு விதி மட்டும் எல்லாப் புயலையும் தாண்டி நின்றது. விலங்கை வைத்து ஆய்வு செய்யும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், கல்லூரியும், நிறுவனமும் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு மேசை போட்டு, அதைச் சுற்றி எட்டு நாற்காலிகள் போடவேண்டும்.

அதுதான் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு. எலியையோ முயலையோ வைத்து முனைவர் பட்டம் வாங்கியவரின் ஆய்வேட்டைப் புரட்டினால், வழிமுறைகள் அத்தியாயத்தில் ஒப்புதல் எண் என்று ஒரு வரி இருக்கும். வாசிக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தடுப்பூசிக்கு மூளை தந்த ஆடு, லண்டன் நாய், 394 குரங்குகள், ருக்மிணி தேவி எல்லோரும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறார்கள்.

தருமபுரிப் பக்கத்து மலையில் கிடைக்கும் சிறுகுறிஞ்சான் இலை சர்க்கரையைக் குறைக்கிறதா என்று பார்க்க விரும்பும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளலாம். இலைச்சாற்றை எலிக்குக் கொடுக்கும் முன்பு, அவர் "பி" படிவம் நிரப்பிக் குழுவின் முன் வைக்கவேண்டும். மேசையைச் சுற்றி உயிரியல் ஆய்வாளர் ஒருவர், வேறு உயிரியல் துறைகளிலிருந்து இருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், விலங்ககப் பொறுப்பாளர் ஒருவர். இந்த ஐந்து பேரும் பெரும்பாலும் வீட்டு மனிதர்கள். ஆறாவது நாற்காலி வெளி நிறுவன அறிவியலாளருக்கு. ஏழாவது, அறிவியல் துறை சாராத, சமூக அக்கறை உள்ள ஒருவருக்கு. எட்டாவது, மத்தியக் குழுவின் பிரதிநிதிக்கு; அவர் வராவிட்டால் கூட்டம் செல்லாது. ஆறு பேராவது இருந்தாக வேண்டும்.

ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஆறு எலி, ஆக 30 என்று மாணவி எழுதியிருப்பார். ஏன் 30? குறைவாக வைத்துக் கணக்கு நிற்காதா? இதே இலையை ஏற்கெனவே வேறு கல்லூரியில் சோதித்துவிட்டார்களா? உயிரணு வளர்ப்பிலேயே பார்த்துவிட முடியாதா? எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டபின் அது எவ்வளவு எடை இழந்தால் ஆய்வை நிறுத்துவீர்கள்? ரத்தம் எடுப்பது எங்கே, எவ்வளவு, மயக்கம் உண்டா? முடிவில் எலி எப்படிச் சாகும்? இவற்றுக்கெல்லாம் பதில் வேண்டும். எலிகளைப் பதிவு பெற்ற வளர்ப்பகத்திலிருந்துதான் வாங்கவேண்டும். வந்த ஒவ்வொன்றுக்கும் "டி" படிவத்தில் கணக்கு. நாய், குரங்கு போன்ற பெரிய விலங்கென்றால் இந்த மேசையோடு முடியாது, விண்ணப்பம் மத்தியக் குழுவுக்குப் போகும். ஆய்வாளரே குழுவில் உறுப்பினராக இருந்தால், அவருடைய விண்ணப்பம் வரும்போது முடிவெடுப்பதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

மேசை சும்மா இருக்கவில்லை, காலமும் சும்மா இருக்கவில்லை. ஆட்டு மூளைத் தடுப்பூசி 2004-இன் முடிவோடு இந்தியாவில் நின்றது. குன்னூரிலும் உயிரணு வளர்ப்பில் செய்த ஊசி அதன் இடத்தைப் பிடித்தது. ஆடும் தப்பியது, தொப்புளைச் சுற்றிய 14 ஊசியிலிருந்து மனிதனும் தப்பினான். 2014-இல் கல்லூரி வகுப்பறைத் தவளைக்கு விடுதலை கிடைத்தது. அழகுப் பொருள்களை விலங்கின் மீது சோதிப்பதும் அதே ஆண்டு தடைப்பட்டது. 2023-இல் புதிய மருந்து விதிகள் திருத்தப்பட்டு, விலங்குக்கு மாற்றான முறைகளுக்கு இடம் தரப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் குழுவின் உயிர் அந்த ஏழாவது நாற்காலியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். துறை தெரிந்தவர்கள் கேட்கத் தோன்றாத எளிய கேள்வியை ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ வழக்கறிஞரோதான் கேட்பார். அவர் கேட்கவேண்டுமானால் முதலில் விண்ணப்பம் அவருக்குப் புரியவேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும், அந்த விலங்குக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி இணைக்கச் செய்யவேண்டும். அதற்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை. நாடாளுமன்றம் செய்யவேண்டிய வேலை ஒன்றும் மிச்சம் இருக்கிறது. மேற்பார்வைக் குழுவின் உத்தரவை மீறும் நிறுவனத்துக்கு 1960-ஆம் ஆண்டின் சட்டம் விதித்த அபராதம் இன்றும் மாறவில்லை. அது 200 ரூபாய்.